முட்டி வலியை வைத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்து எடையைக் குறைக்க முடியுமா?

"நடந்தால் வலிக்கிறது, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது, என்னதான் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருடம் இதையேதான் நானும் புலம்பிக்கொண்டிருந்தேன். வயது 51, அரசுப் பள்ளி ஆசிரியை, நாள் முழுக்க நின்றபடி வேலை. இரண்டு முட்டியிலும் தேய்மானம், இடது பக்கம் கூடுதல். 84 கிலோ இருந்தேன், 14 மாதத்தில் 75-க்கு வந்திருக்கிறேன். வலி அடியோடு போய்விடவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். டாக்டர் "எடையைக் குறைங்கம்மா" என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டு தினம் 10,000 அடி என்று பள்ளி மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். நான்கு நாள் ஜோராகப் போனது. ஐந்தாம் நாள் பேருந்துப் படியில் கால் வைக்க முடியாமல் நின்றேன், நடத்துநர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அதோடு இரண்டு மாதம் நடையே இல்லை, எடை மூன்று கிலோ கூடியதுதான் மிச்சம். (இந்த 10,000 எந்த மருத்துவரும் போட்டுக்கொடுத்த கணக்கு இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து கிளம்பியது.)

பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். "டீச்சர், நீங்க எடை குறையறதுக்கு நடக்கறீங்களா, முட்டிக்காக நடக்கறீங்களா?" என்று கேட்டாள். ரெண்டும் ஒண்ணுதானே என்றேன். "ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதாதீங்க" என்றாள். எனக்கு உருப்படியாகக் கிடைத்த யோசனை அது ஒன்றுதான்.

என் எடைக்கு அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் நூறு, நூற்றிருபது கலோரி செலவாகும். ஒரு உளுந்து வடை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். வலிக்கிற காலை வைத்துக்கொண்டு வடையோடு ஓட்டப்பந்தயம் ஓடினால் ஜெயிக்கப்போவது வடைதான். அமெரிக்காவில் முட்டித் தேய்மானமும் அதிக எடையும் உள்ள 454 பேரை வைத்து 18 மாதம் நடத்திய ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது 2 கிலோகூட இல்லை. உணவைக் குறைத்தவர்களுக்கு 9 கிலோ அளவு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் எடையும் அதிகம் குறைந்தது, வலியும் நன்றாகக் குறைந்தது.

ஆகவே எடை நோட்டில் சாப்பாடு மட்டும். எனக்குப் பெரிய ஓட்டை டீ. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அந்தச் சர்க்கரை மட்டுமே 200 கலோரிக்குப் பக்கம். இரண்டு டீ, சர்க்கரை இல்லாமல், என்று ஆக்கினேன். முதல் வாரம் கஷாயம் குடிப்பது போல இருந்தது. மதியச் சோற்றைக் கரண்டிக் கணக்கில் போட்டுக்கொண்டு, காயையும் சுண்டலையும் கூட்டினேன். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்னால். ஸ்டாஃப் ரூமில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் சமோசா சாப்பிடுவேன், அதை எல்லாம் விட முடியாது.

முட்டி நோட்டில் முதல் மாதம் நடையே கிடையாது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்த வேண்டும். முட்டிக்கு மேலே தொடைச் சதை கெட்டியாகிறதா என்று கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். வலது பக்கம் கல் மாதிரி நின்றது. இடது பக்கம் புளித்த மாவு மாதிரி தளதளவென்று இருந்தது. அந்தச் சதைதான் முட்டியைத் தாங்க வேண்டியதாம்! ஐந்து எண்ணும் வரை அழுத்தி விடுவது, பத்துத் தடவை, காலையும் மாலையும். அப்புறம் நாற்காலிப் பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உயரத்துக்கு இரண்டு தலையணை வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஒரு தலையணையை எடுக்க ஆறு வாரம் ஆனது, அடுத்ததற்கு இரண்டு மாதம்.

நடையை ஏழு நிமிடத்தில் தொடங்கினேன். செய்த பிறகு வலி கொஞ்சம் கூடினாலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் சரி, இறங்காவிட்டால் அளவு அதிகம் என்று அர்த்தம். இதைவிடக் கஷ்டமானது வலி இல்லாத நாளில் அடங்கி இருப்பது. "இன்னைக்கு நல்லாயிருக்கே" என்று பரணைச் சுத்தம் செய்து, ரேஷன் கடைக்கும் நடந்துவிட்டு, மூன்று நாள் படுத்திருக்கிறேன். நல்ல நாளானாலும் ஏழு நிமிடம் என்றால் ஏழுதான். இப்போது 25-இல் நிற்கிறது.

2024 தேர்தல் பணிக்குப் போய் ஒரு ராத்திரி வகுப்பறைத் தரையில் படுத்ததில் வலி மறுபடி உச்சத்துக்குப் போனது. பழைய ஆளாக இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். இந்த முறை துண்டுப் பயிற்சியை மட்டும் பாதியாகச் செய்துகொண்டே இருந்தேன், பத்து நாளில் திரும்பிவிட்டேன். அந்தப் பத்து நாளிலும் எடை ஏறவில்லை, அது வேறு நோட்டாயிற்றே.

ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் விழும் சுமையில் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்கிறார்கள். என் ஒன்பது கிலோவுக்கு 36. அரிசிச் சிப்பமே 25 கிலோதான்.

ஒரு எச்சரிக்கை: வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்கப் போகாதீர்கள், நானும் அதைச் செய்தவள்தான். எனக்கு ரத்தக் கொதிப்பு வேறு உண்டு, அது எகிறியது. முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, காலையில் விரல்கள் ஒரு மணி நேரம் மடங்க மறுத்தாலோ அது தேய்மானமாக இல்லாமலும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சம்மணம் போட்டு உட்கார இப்போதும் முடியாது. பேருந்து தினமும்தான் போகிறேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இந்த ஒன்றை இன்றைக்கே செய்து பாருங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.