இளங்குதிரையின் முதல் களம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சேலம், ஏற்காடு வட்டாரத்துக் குதிரை வளர்ப்போரிடமிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: "முதல் போட்டிக்கு எதில் இறக்குவது?" சவாரிப் பயிற்சியாளரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

போன ஆடியில் அந்தியூர் சந்தையில் ஒரு மார்வாரி இனப் பெண் குதிரை வாங்கினோம். நாலு வயது என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் சொன்னபடி கேட்கிறது. தை மாதம் கோவைப் பக்கம் நடக்கும் குதிரை ஷோவில் 60 செ.மீ. உயரத் தடை தாண்டும் பிரிவு இருக்கிறதாம். இறக்கலாமா? (வாசகி, ஓமலூர்)

முதலில் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். சந்தையில் சொல்லும் வயதுக்கும் வாய்க்குள் இருக்கும் வயதுக்கும் ஒரு வருடம் முன்னே பின்னே இருப்பது சகஜம். கீழ் வரிசை முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அதற்கடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும். பால்பல் சின்னதாக, வெள்ளை வெளேரென்று, ஈறருகே சிறுத்து இருக்கும். நிலைப்பல் அகலமானது, லேசாக மஞ்சள் ஓடியது. ஓரப் பற்கள் இரண்டும் இன்னும் பால்பல் என்றால் உங்கள் குதிரைக்கு நாலரை ஆகவில்லை. ஐந்து வயதில்தான் வாய் நிரம்பும்.

வயதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் எலும்பு. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் மூடிவிடும். அதைப் பார்த்துத்தான் "கால் கெட்டியாகிவிட்டது" என்கிறார்கள். ஆனால் ஆள் உட்காரும் முதுகெலும்பில் இருக்கும் தட்டுகள் மூட ஐந்து, ஐந்தரை வயது ஆகும். நாலு வயதில் 60 செ.மீ. தாண்டுவதால் மட்டும் குதிரை கெட்டுவிடாது. வாரம் நாலு நாள் தாண்ட வைத்து, மேலே 80 கிலோ ஆள் ஏறினால் கெடும். 350 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 70 கிலோ உச்ச வரம்பு. இளசு என்றால் 55 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. பல் விழும் மாதங்களில் வாய் வலிக்கும், தலையை உதறும், கடிவாளத்தை வாங்காது. அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பவர்கள்தான் அதிகம். போட்டிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே பல்லை ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, கூர்முனைகளை ராவி எடுத்துவிடுங்கள். கடிவாளம் இடிக்கும் இடத்தில் ஓநாய்ப்பல் (கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் வரும் சிறு பல்) முளைத்திருந்தால் அதையும் பிடுங்கிவிடலாம்.

'வீட்டில் கேட்கிறது' என்பது பாதிப் பதில்தான். தை வருவதற்குள் மூன்று முறை அறிமுகமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போங்கள். வண்டியில் அடிதடி இல்லாமல் ஏறுகிறதா? இறங்கியபின் ஒரு மணி நேரம் கட்டுத்தறியில் நிற்கிறதா? எதிரே வேறு குதிரை ஓடி வரும்போது தன் பாதையில் போகிறதா? அங்கே தண்ணீர் குடிக்கிறதா? இந்த நான்கும் சரியாக இருந்தால் பெயர் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் ஷோவுக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் போட்டியில் இறக்காதீர்கள். மைதானத்தைச் சுற்றி நடக்க விடுங்கள், ஒலிபெருக்கி பக்கத்தில் புல் போடுங்கள், மாலையில் வீடு திரும்புங்கள். அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டால் இதற்குப் பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

ஐந்து வயது தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), பந்தயத்திலிருந்து வந்தது. ஏற்காட்டில் எஸ்டேட் மைதானத்தில் 90 செ.மீ. கம்பைச் சுலபமாகத் தாண்டுகிறது. ஷோவில் 60, 80, ஒரு மீட்டர் என மூன்று பிரிவு. எது சரி? (வாசகர், ஏற்காடு)

60. கட்டாயம் 60. 'இதெல்லாம் குழந்தைகள் தாண்டுவது' என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். வீட்டில் தாண்டும் உயரத்திலிருந்து குறைந்தது 20, 30 செ.மீ. கழித்துக்கொள்ள வேண்டும். புது இடத்தில் குதிரைக்குக் கம்பு பெரிய விஷயமே இல்லை. கம்புக்குக் கீழே வைத்த பூந்தொட்டி, பச்சை பெயின்ட் அடித்த பலகை, ஷாமியானா நிழல், நடுவரின் மேசைத் துணி, இவைதான் பயம் காட்டும். 60-இல் குதிரை தயங்கி நின்றாலும், நின்ற இடத்திலிருந்தே எகிறித் தாண்டிவிட முடியும். ஒரு மீட்டரில் முடியாது. கம்போடு விழும், அந்த வலி மனதில் பதியும்.

உயரத்தை விட முக்கியம், எந்த விதிப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது. வேகமாக முடித்தவருக்குப் பரிசு என்ற பிரிவில் பந்தயக் குதிரையை முதல் வருடம் இறக்கவே வேண்டாம். ஓடுவதற்கென்றே பழக்கிய மிருகத்துக்கு மறுபடியும் ஓட்டத்தையே ஞாபகப்படுத்துவீர்கள். தவறில்லாமல் முடித்த எல்லோருக்கும் ரிப்பன் தரும் பிரிவு, அல்லது குறிப்பிட்ட நேரத்துக்கு நெருக்கமாக முடிப்பவர் ஜெயிக்கும் பிரிவு இருந்தால் அதில் சேருங்கள். கணக்கு எளிது. 400 மீட்டர் பாதை, நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகம் என்றால் அனுமதி நேரம் 80 விநாடி. நிதானமான கேன்டருக்கு (மிதமான பாய்ச்சல் நடைக்கு) அது தாராளம். கம்பு விழுந்தால் 4 குற்றப்புள்ளி, முதல் முறை மறுத்தால் (தாண்டாமல் நின்றால்) 4, ஆள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எத்தனையாவது மறுப்பில் வெளியேற்றுவார்கள் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும், அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்தபின் 45 விநாடிக்குள் தொடக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும். புதியவர்கள் பதறுவது இங்கேதான். 45 விநாடி நிறைய நேரம். அதற்குள் முதல் தடையைத் தூரத்திலிருந்து ஒரு வட்டம் போட்டுக் காட்டலாம். முன்னதாகப் பாதையைக் காலால் நடந்து பார்க்கும்போதே அந்த வட்டத்தை எங்கே போடுவது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரட்டைத் தடை (அடுத்தடுத்து வைத்த இரண்டு தடைகள்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். நடுவில் குதிரை ஒரு எட்டு (ஒரு பாய்ச்சல் அடி) வைக்கும் இரட்டைக்கு ஏழரை மீட்டர் சுமாராக விடுவார்கள். பெரிய குதிரையின் எட்டைக் கணக்கிட்டுப் போட்ட தூரம் அது. உங்கள் தரோபிரெட்டுக்குப் பொருந்தும். ஓமலூர் வாசகியின் மார்வாரி 14.2 கை, அதாவது 147 செ.மீ. உயரம் என்றால் அதன் எட்டு குட்டை. அந்தத் தூரம் ஒரு எட்டுக்கு நீளமாகவும் இரண்டு எட்டுக்கு நெருக்கமாகவும் இருப்பதால் தவிக்கும். ஆகவே முதல் ஷோவில் இரட்டை இல்லாத பிரிவாகத் தேடுங்கள்.

பயிற்சிக் களத்தில் சிவப்புக் கொடி எப்போதும் வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம் இருக்கும்படிதான் தாண்ட வேண்டும். எதிரே வருபவரோடு இடக்கைக்கு இடக்கை விலகிப் போங்கள். குதிரை உதைக்கும் என்றால் வாலில் சிவப்பு ரிப்பன், இளசு என்றால் பச்சை ரிப்பன். பதினைந்து நிமிடம் வாக் (நடை), ட்ராட் (துள்ளோட்டம்), கேன்டர். பிறகு பெருக்கல் குறி போலக் கம்பு வைத்து இரண்டு, நேர்க்கம்பு இரண்டு, அகலத் தடை இரண்டு. ஆறு தாவல் போதும். களத்துக்குள் செய்ய வேண்டியதைப் பயிற்சியிலேயே செலவழித்துவிட்டு உள்ளே களைத்துப்போய் நுழைபவர்களை எந்த ஷோவிலும் பார்க்கலாம்.

தரையையும் பாருங்கள். குதிகாலால் ஓங்கி மிதித்தால் குழி விழ வேண்டும். விழாத தரையில் 60-கூட வேண்டாம். ஒரு நாளில் ஒரு சுற்று, நன்றாகப் போனால் அதே உயரத்தில் மறுநாள் இன்னொன்று. நன்றாகத் தாண்டிவிட்டதே என்று அன்றே 80-க்குப் பெயர் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

எங்கள் குதிரை ட்ராட்டே போடாது, ரவால் நடைதான். டிரஸ்ஸாஜ் (குதிரையின் நடையை நடுவர் மதிப்பிடும் போட்டி) தொடக்கப் பிரிவில் விடலாமா? (வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

டிரஸ்ஸாஜில் கேட்பது மூலைவிட்டக் கால்கள் ஜோடியாக விழும் இரண்டு தட்டு ட்ராட். ரவாலில் ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து நகரும். மேலே இருப்பவருக்குத் தொட்டில் போல இருக்கும். நடுவருக்கு அது தவறான நடை. 20க்கு 40 மீட்டர் களத்தில் ட்ராட் வரும் ஒவ்வொரு அசைவிலும் மதிப்பெண் போகும். முள் வைத்த கடிவாளத்துக்கு அங்கே அனுமதியும் இல்லை. வழவழப்பான ஸ்னாஃபில் (எளிய, மென்மையான கடிவாளம்) மாட்டி, கழுத்தைத் தாழ்த்திப் போக விட்டு, தரையில் நாலு கம்புகளை 1.2 மீட்டர் இடைவெளியில் போட்டு அதன் மேல் நடத்திப் பழக்கினால் சில குதிரைகளுக்கு ட்ராட் வந்துவிடும். தலையை இழுத்துத் தூக்கிப் பிடித்தால் ரவால்தான் வரும்.

எங்களைக் கேட்டால், இந்தக் குதிரைக்கு முதல் களம் எண்டியூரன்ஸ் (நெடுந்தூரச் சவாரிப் போட்டி), 20 கிலோமீட்டர். ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நாற்பது நிமிடம். சேர்வராயன் மலையின் மண்பாதைகளில் பழகிய குதிரைக்குப் பெரிய பாடில்லை. முடிவில் மருத்துவர் நாடி பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64-க்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஓய்வில் 28 முதல் 44 இருக்கும். இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணுங்கள்; 16 வந்தால் அது 64. வீட்டில் பத்து கிலோமீட்டர் போய் வந்து, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் இங்கேயும் உண்டு. நொண்டுகிறதா என்று பார்க்க, கையில் பிடித்து ட்ராட்டில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். ரவாலில் போனால் மருத்துவருக்கு நொண்டல் சரியாகத் தெரியாது, சந்தேகப்படுவார். கயிற்றில் பிடித்து ஓடினால் ட்ராட் போடும்படியாவது பழக்கிவிட்டுப் போங்கள்.

இரண்டரை வயது ஆண் குட்டி நன்றாக ஓடுகிறது. பங்குனித் திருவிழா எல்கை வண்டிப் பந்தயத்தில் 'புதுக்குதிரை' பிரிவில் பூட்டலாமா? (வாசகர், ஆத்தூர்)

வேண்டாம். புதுக்குதிரை என்றால் பந்தயத்துக்குப் புதிது என்றுதான் பொருள். இளங்குட்டிக்கு ஏற்றது என்று பொருளல்ல. மைல் கணக்கில் தார்ச்சாலையில் ஓடும்போது ஒவ்வொரு குளம்படியும் நேராக எலும்பில் இறங்கும். முன்னங்காலின் உட்புறம், முட்டிக்குக் கீழே கடலைப் பருப்பு அளவில் கட்டி தட்டுப்பட்டால் சேதம் தொடங்கிவிட்டது என்று அறியுங்கள். பின்னாலேயே வரும் பைக்குகளின் ஹாரன் சத்தத்தில் ஒருமுறை மிரண்ட குட்டி பிறகு எந்த வண்டியிலும் நிம்மதியாக நிற்காது. இப்போதைக்கு நீளக் கயிற்றில் பின்னால் நின்று ஓட்டி நடத்துங்கள். மூன்று வயதில் வெறும் வண்டி, மண் பாதை, வாக்கும் ட்ராட்டும் மட்டும். பந்தயத்தைப் பற்றி ஐந்து வயதில் யோசிக்கலாம். 'ரேஸ் கோர்ஸில் இரண்டு வயதிலேயே ஓடுகிறதே' என்பீர்கள். அது புல்தரை. அங்கேயும் தசைநார் போய் ஒதுங்கிய குதிரைகள்தான் பிறகு மலிவு விலையில் நம் ஊருக்கு வருகின்றன.

ஏற்காட்டிலிருந்து குதிரையைக் கீழே இறக்குவதே போராட்டம். இறங்கும்போதே வேர்த்து நனைந்துவிடுகிறது. (எஸ்டேட் மேற்பார்வையாளர், ஏற்காடு)

சேலம் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் குதிரை நாலு காலையும் அகட்டி, கழுத்தை ஆட்டித் தன்னை நிறுத்திக்கொள்கிறது. இறக்கத்தில் எடை முழுக்க முன்னங்காலில் சாயும். பிரேக் அடித்தால் நெஞ்சு முன்தடுப்பில் மோதும். பின்னோக்கியோ, குறுக்காகச் சாய்த்தோ நிறுத்திப் பாருங்கள். பல குதிரைகள் அப்படி நின்றால் அமைதியாக வரும். தரையில் தேங்காய் நார் விரிப்பு, அதன் மேல் மணல். கயிற்றைக் கடிவாளத்தில் கட்டாமல் ஹால்டரில் (கடிவாளமில்லாத தலைவாரில்), இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். தலையை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தாழ்த்த முடிகிற அளவு நீளம் வேண்டும். தலையைத் தூக்கிக் கட்டிப் பல மணி நேரம் கொண்டுபோனால் மூக்கில், தொண்டையில் சேரும் சளி நுரையீரலுக்கு இறங்கிக் காய்ச்சல் வரும். சென்னை போன்ற தூரத்துக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், முந்தின நாளே சேர்ந்துவிடுவது. மறுநாள் காலை உடல் சூடு 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் களத்தில் இறக்காதீர்கள்.

வேற்றூர்த் தண்ணீரைக் குதிரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்குங்கள். போன இடத்திலும் அதே வெல்லம். வாசனை ஒன்றாகிவிடும்.

1,500 மீட்டர் உயரக் குளிரில் வளர்ந்த குதிரையைச் சித்திரை வெயிலில் சமவெளியில் ஓட விடுவது கொடுமை. வெப்பம் பழக இரண்டு, மூன்று வாரம் கீழேயே இருக்க வேண்டும். பாரன்ஹீட் வெப்பத்தோடு காற்றின் ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். 98 டிகிரி, ஈரம் 55 என்றால் 153. 150-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 180 என்றால் வண்டியிலிருந்தே இறக்க வேண்டாம். தை, மாசி, அதிலும் காலை முதல் பத்துக் குதிரைக்குள் வரிசை கேட்டு வாங்குவதே மலைக்குதிரைக்கு நல்லது.

சான்றிதழ் என்னென்ன? (வாசகர், மேட்டூர்)

போட்டி அறிவிப்பில் கேட்பதுதான் இறுதி. பொதுவாக கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய், குதிரைத் தொற்று ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை, இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி, டெட்டனஸ். கிளாண்டர்ஸுக்குத் தடுப்பூசி கிடையாது, பரிசோதனை மட்டும்தான். மாதிரி ஆய்வகத்துக்குப் போய் முடிவு திரும்ப நாளாகும். ஒரு மாதம் முன்பே ரத்தம் எடுங்கள். இன்ஃப்ளூயன்சாவுக்குச் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதி: முதல் ஊசிக்குப்பின் 21 முதல் 60 நாளுக்குள் இரண்டாவது, போட்டிக்கு வந்துசேரும் நாளுக்கு முந்தைய ஏழு நாளில் எதுவும் போடக் கூடாது. தைப் போட்டிக்கு ஐப்பசியிலேயே தொடங்கினால் சரியாக வரும். லாடமும் அப்படித்தான்: முந்தின நாள் அடிக்காதீர்கள், ஆணி நெருக்கியிருந்தால் களத்தில்தான் தெரியும். ஒரு வாரம், பத்து நாள் முன்பு அடித்துவிடுங்கள்.