மெக்கானிக்குக்கு போன் போடறதுக்கு முன்னாடி

வாஷிங் மெஷின் தண்ணி எடுக்கவே அரை மணி நேரம் ஆகுது, அப்புறம் எரர் காட்டி நின்னுடுது. வந்து பாத்தவர் போர்டு போயிடுச்சு, 6,500 ஆகும்னு சொல்றார். வாங்கி நாலு வருஷம்தான் ஆகுது. இதுக்கு பேசாம புதுசே வாங்கிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். என்ன பண்ணலாம் அக்கா? - வாசகி, விருதுநகர்

கொஞ்சம் பொறுங்கம்மா, 6,500-ஐ இப்பவே எடுத்து குடுத்துடாதீங்க. முதல்ல மெஷினுக்கு வர்ற குழாய மூடிட்டு, அந்த பைப்ப கழட்டி ஒரு பக்கெட்ல விட்டு குழாய திறந்து பாருங்க. தண்ணி நல்லா வேகமா கொட்டுதுன்னா குழாய்ல, டேங்க்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல. அடுத்து பிளக்க உருவிட்டு, மெஷினுக்கு பின்னாடி அந்த பைப் சேர்ற வாய்க்குள்ள பாருங்க, ஒரு சின்ன வலை இருக்கும், நடுவுல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அத பிளேயரால மெதுவா பிடிச்சு இழுத்தா கையோட வந்துடும்.

எங்க வீட்லயும் இதே கதைதான். அந்த வலைய எடுத்து வெளிச்சத்துல பாத்தா ஒரு ஓட்டை கூட தெரியல, அவ்ளோ செம்மண்ணு, டேங்க்ல இருந்து வந்த பாசி, அதோட பிளம்பர் பைப் அறுத்தப்ப விழுந்த வெள்ளை பிவிசி சீவல் வேற சுருண்டு கிடந்துச்சு. பழைய டூத் பிரஷ்ல தேச்சு குழாய் தண்ணியில காட்டினதுல மண்ணு போயிடுச்சு, ஆனா போர் தண்ணி உப்பு கெட்டியா பிடிச்சிருந்துச்சு, ஒரு கிண்ணத்துல வினிகர் ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வெச்சேன், காலைல பொடிப்பொடியா உதிர்ந்துடுச்சு. எலுமிச்சை சாறும் போதும், புளிப்புல அந்த சுண்ணாம்பு உப்பு கரையும்.

மெஷின் என்ன பண்ணுதுன்னா, இவ்ளோ நேரத்துக்குள்ள இவ்ளோ தண்ணி ஏறணும்னு காத்துக்கிட்டு இருக்கும், ஏறலன்னா எரர் போட்டு நின்னுடும். அதுக்கு போர்டுதான் காரணம்னு கண்ண மூடிக்கிட்டு சொல்றது எனக்கு உண்மையிலயே கோவமா வருது, ஏன்னா வலைய எடுத்து பாக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. சுத்தம் பண்ணி மாட்டியும் தண்ணி ஏறலன்னா வால்வையும் போர்டையும் பாக்க சொல்லுங்க, அப்ப செலவு பண்ணினா அதுல ஒரு நியாயம் இருக்கு.

மிக்ஸில இட்லி மாவு அரைச்சுக்கிட்டு இருந்தப்ப திடீர்னு நின்னுடுச்சு, சத்தமே இல்ல. காயில் எரிஞ்சிருக்குமா? - வாசகி, தென்காசி

பெரும்பாலும் இருக்காது. ஸ்விட்ச ஆஃப் பண்ணி பிளக்க எடுத்துட்டு மிக்ஸிய கவுத்து அடியில பாருங்க, நிறைய மிக்ஸில அங்க சின்னதா ஒரு பட்டன் இருக்கும், லோடு அதிகமானா அதுவே கட் ஆயிடும். பத்து நிமிஷம் ஆற விட்டு பட்டன அமுக்கிட்டு, மாவ கொஞ்சம் கொறச்சு ஓட்டி பாருங்க. கருகின வாடை வந்திருந்தா மட்டும் மறுபடி போடாதீங்க, கடைக்கு எடுத்துட்டு போங்க.

சீலிங் ஃபேன் அஞ்சுல வெச்சாலும் மெதுவாத்தான் சுத்துது. ரீவைண்டிங் பண்ணணுமா? - வாசகர், ஆவடி

அதுக்கு முன்னாடி கெப்பாசிட்டர மாத்தி பாருங்க சார். வருஷக்கணக்கா ஓடினா அதோட சக்தி கொறஞ்சுடும், ஃபேன் வேகமும் கூடவே இறங்கிடும். பழசுல என்ன நம்பர் போட்டிருக்கோ, 2.5-ன்னு இருந்தா அதே 2.5 கேட்டு வாங்குங்க, பெருசா போட்டா இன்னும் வேகமா ஓடும்னு நெனைக்க வேணாம். ரீவைண்டிங் செலவோட பாத்தா இது ரொம்ப கம்மி. ஆனா நீங்களே ஸ்டூல் மேல ஏறாதீங்க, மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன வெச்சே மாத்துங்க.

பேரனுக்கு ரெண்டு வயசு. போன மாசம் வயித்துப்போக்கு வந்தப்ப டாக்டர் ஊசி போடல, டிரிப்ஸும் ஏத்தல, வெறும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் சிங்க் மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டார். குழந்தை தேறிட்டான், ஆனாலும் மனசு கேக்கல. வேற டாக்டர பாக்கணுமோ? - வாசகி, கும்பகோணம்

அம்மா, அந்த டாக்டர விட்டுடாதீங்க. சரியான வைத்தியத்தைத்தான் பண்ணியிருக்கார்.

1971-ல வங்கதேச போர் நடந்தப்ப லட்சக்கணக்கான ஜனங்க மேற்கு வங்கத்துக்கு அகதிகளா வந்தாங்க, எல்லை பக்கத்துல பன்காவ்ன்ற ஊர் முகாம்ல காலரா பரவிடுச்சு. டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துக்கிட்டே வருது, ஏத்தி விட ஆளும் இல்ல. அங்க இருந்த குழந்தை டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் அளந்து, இப்ப நாம குடுக்கற ஓஆர்எஸ் மாதிரியே பாக்கெட் போட வெச்சு, தண்ணியில கரைச்சு நோயாளிங்களோட சொந்தக்காரங்க கையிலயே குடுத்து குடிக்க வைக்க சொன்னார். 30 சதவீதம் கிட்ட இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. வெறும் உப்புத் தண்ணி வயித்துப்போக்குல சரியா ஒட்டாது, கூட குளுக்கோஸ் சேர்ந்தாத்தான் குடல் உப்பையும் சேர்த்து உள்ள இழுக்கும், பின்னாடியே தண்ணியும் போகும். அவர் 2022-ல காலமானார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் குடுத்தாங்க. எத்தனை வீட்டு குழந்தைங்க அவரால பொழைச்சிருக்கும்னு நெனச்சா எனக்கு தொண்டை அடைக்குது.

நம்ம வீடுகள்ல தப்பு நடக்கறது கரைக்கறதுலதான். ஒரு லிட்டர் பாக்கெட்ட ஒரு டம்ளர் தண்ணியில கொட்டி குடுக்கறாங்க, அது உப்பு அதிகமாகி குழந்தைக்கு கெடுதல். பாக்கெட்ல எவ்ளோ தண்ணின்னு போட்டிருக்கோ அவ்ளோ, ஆறவெச்ச தண்ணி, கரைச்சது 24 மணி நேரத்துக்கு மேல வேணாம். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. கண்ணு உள்ள போயிடுச்சு, ஒண்ணுக்கு போகல, துவண்டு கிடக்கான், மலத்துல ரத்தம், இதுல எது இருந்தாலும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க, அங்க டிரிப்ஸ் தேவைப்படலாம்.

அப்புறம் அந்த சிங்க் மாத்திரை, போக்கு நின்னுடுச்சுன்னு மூணாவது நாளே நிறுத்தியிருந்தீங்கன்னா இனிமே அப்படி செய்யாதீங்கம்மா, 14 நாளும் குடுக்கணும்.