லண்டனில் எது அசல் கோதிக், எது 19ஆம் நூற்றாண்டுக் கோதிக்?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு லண்டன் போகிறோம். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயமும் எதிரே உள்ள நாடாளுமன்றமும் படங்களில் ஒரே காலத்தவை போலத் தெரிகின்றன. எது பழையது என்று நேரில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியின் அடையாளமான கூர்வளைவுகளையும் ஊசிக் கோபுரங்களையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் மெனக்கெட்டுப் பிரதி எடுத்ததே அவற்றைத்தான். கட்டடத்தின் மொத்த அமைப்பைப் பாருங்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்றால் நாடாளுமன்றத்தின் ஆற்றுப்பக்க முகப்பு தெரியும். கிட்டத்தட்ட 266 மீட்டர் நீளம், வரிசை பிசகாத சன்னல்கள், நடுவிலிருந்து இருபுறமும் ஒரே அளவு. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டிய கட்டடத்தில் இவ்வளவு ஒழுங்கு அமையாது. 1834இல் கருவூலத்தின் பழைய கணக்குக் குச்சிகளை (வரவு செலவை வெட்டுக் குறிகளாகப் பதிந்த மரக்குச்சிகள்) உலையில் போட்டு எரித்தபோது தீ பரவி, நாடாளுமன்றம் அதுவரை கூடிவந்த பழைய அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது. புதியது கோதிக் அல்லது முதலாம் எலிசபெத் காலப் பாணியில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு போட்டி வைத்தார்கள். வென்றவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரி. மனிதருக்குக் கைவந்தது என்னவோ இத்தாலியப் பாணி! அதனால் கோதிக் அலங்காரத்துக்கு, அந்தப் பாணியில் ஊறிய அகஸ்டஸ் பியூஜினைச் சேர்த்துக்கொண்டார். சுவர்த்தாள், மைக்கூடு வரை வரைந்து தந்த அந்தப் பியூஜினே, உடல் கிரேக்கம், மேலே மட்டும் டியூடர் (16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பாணி) என்று சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நியாயமான சலிப்புதான். கூரை ஓடுகள்கூட வார்ப்பிரும்பு.

ஆனால் அதே வளாகத்தில் அசலும் உண்டு. தீயில் தப்பிய வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் சுவர்கள் 1097 வாக்கில் எழுந்தவை, ஓக் மரக் கூரை 1390களைச் சேர்ந்தது. உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

சரி, அபே? இப்போதுள்ள தேவாலயத்தை 1245இல் மூன்றாம் ஹென்றி கட்டத் தொடங்கினார். ஆனால் எல்லோரும் படமெடுக்கும் மேற்குக் கோபுரங்கள் 1745இல் முடிந்தவை. அவற்றை விட்டுவிட்டுக் கிழக்குக் கோடியில் உள்ள ஏழாம் ஹென்றி சிற்றாலயத்துக்குப் போங்கள். 1503இல் தொடங்கியது. அதன் வெளிச்சுவரில் நெடுக ஓடும் செங்குத்துக் கோடுகளைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி நாடாளுமன்றத்தைப் பாருங்கள். எங்கிருந்து எடுத்தார்கள் என்பது புரிந்துவிடும்.

நேரமிருந்தால் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையமும் போய் வாருங்கள். முன்னால் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட்டின் செங்கல் கோதிக் ஹோட்டல். அதைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் உள்ளேயும் போங்கள். நடுவில் ஒரு தூணும் இல்லாமல், சுமார் 73 மீட்டர் அகலத்துக்கு வளைந்து நிற்கும் 1868ஆம் ஆண்டு இரும்புக் கூரை அங்கேதான் இருக்கிறது.