பத்தாம் வசனத்தையும் வாசிக்கிறவர்கள்

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன். மார்ச் மாதம் அம்மா தவறிவிட்டார்கள். கிட்னி கோளாறு, இரண்டு வருடம் டயாலிசிஸ். அடக்கம் முடிந்த வாரத்தில் எனக்கு வந்த ஆறுதல் செய்திகளில் பாதிக்கு மேல் எரேமியா 29:11 தான், கர்த்தர் உங்கள்பேரில் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் வசனம். யாரும் தப்பான எண்ணத்தில் அனுப்பவில்லை, ஆனால் எனக்குள் ஒன்றும் இறங்கவில்லை. அப்புறம் தமிழில் கிறிஸ்தவ எழுத்து என்று எதையாவது வாசிக்கலாம் என்று தேடினால், ஒன்று இந்த மாதம் உனக்குத் திறந்த வாசல் என்கிற ஆசீர்வாதச் செய்தி, இல்லையென்றால் கடைசிக்கால எச்சரிக்கை, அதுவும் இல்லையென்றால் மற்ற சபைக்காரர்களைத் திட்டுவது. ஆங்கிலத்தில் நல்லது இருக்கிறது என்று நண்பர்கள் அனுப்புகிறார்கள், வாசிக்கிறேன். ஆனால் அம்மா தமிழில்தான் ஜெபம் பண்ணினார்கள். வாசிக்கத் தகுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் எதை வாசிக்கிறீர்கள்? அம்மாவின் பழைய வேதாகமம் என்னிடம் இருக்கிறது, இன்னும் திறக்க மனம் வரவில்லை.

எஸ்.

அன்புள்ள தம்பி,

அம்மாவின் மறைவுக்கு வருந்துகிறேன். இரண்டு வருட டயாலிசிஸ் என்றால் எத்தனை காலைகள், எத்தனை மணி நேரக் காத்திருப்பு என்பது கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த எரேமியா 29:11-ஐயே முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த இடத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு, ஊரிலேயே தங்கிவிட்ட எரேமியா, போனவர்களுக்கு எழுதியது. யார் கையில் கொடுத்தனுப்பினார் என்பதுகூட அதில் இருக்கிறது. நமக்கு வருவது பதினோராம் வசனம் மட்டும். அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய ஐம்பது வயதுக்காரருக்கு அதன் பொருள் என்ன? நீ ஊர் திரும்பப்போவதில்லை, இங்கேதான் உன்னை அடக்கம் பண்ணுவார்கள், உன் பேரப்பிள்ளைகள் திரும்பலாம். இதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வார்த்தை வருகிறது.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். அவர் ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும், இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறார். எரேமியா என்ன பதில் சொன்னார் தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் ஆசைதான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோது, எரேமியா தன் வழியே போய்விட்டார். பிறகு கர்த்தருடைய வார்த்தை வந்த பின்தான் திரும்பிவந்து, அந்த இரண்டு வருஷம் பொய் என்றார். இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்த நாளிலிருந்து, புதிதாக ஒருவரை வாசிக்கத் தொடங்கும்போது நான் பார்ப்பது இதைத்தான். இவர் பத்தாம் வசனத்தையும் வாசிக்கிறாரா? பதில் கையில் இல்லாதபோது பேசாமல் போகத் தெரிந்தவரா? இரண்டு வருஷம் என்று எழுதுகிறவருக்கு வாசகர்கள் அதிகம் கிடைப்பார்கள், அவர் எழுத்தில் வேகமும் இருக்கும். ஆனால் ஒரு மரணம் நடந்த வீட்டில் அந்த எழுத்து நிற்காது. உங்களுக்குள் ஒன்றும் இறங்காமல் போனதற்குக் காரணம் உங்கள் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் பட்டர்வொர்த்தில் எங்கள் தமிழ்ச் சபையின் வீட்டுக்கூட்டத்தில் இதே அதிகாரத்தை முழுசாக வாசித்தோம். "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்ற ஐந்தாம் வசனம் வந்ததும், கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி நிறுத்தச் சொன்னார். "நாம நட்ட தோட்டத்துல கனியச் சாப்பிட்டது யாரு?" என்று கேட்டார். யாருக்கும் பதில் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்து வந்தவர் அவர், வீட்டைக் கட்டிக் குடியிருக்கச் சொல்லும் ஒரு வசனம் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அன்றைக்குப் பேசியதை யாராவது எழுதியிருந்தால், மலேசியத் தமிழில் வந்த நல்ல கிறிஸ்தவ எழுத்து இது என்று உங்களுக்கு அனுப்பியிருப்பேன். யாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

எழுதி வைத்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. நம் நாட்டுத் தமிழ்ச் சபைகள் பொன்விழா, நூற்றாண்டு விழா என்று மலர் போடும், வாழ்த்துரைகளைத் தாண்டிப் பின்பக்கங்களுக்குப் போனால் சில நேரம் அபூர்வமாக ஒன்று கிடைக்கும். அப்படி ஒரு மலரில் ஒரு தோட்டத்து உபதேசியார் நான்கு பக்கம் எழுதியிருந்தார். 1943-ல் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் கொண்டுபோன ஆட்களில் திரும்பிவராதவர்களின் பெயர்களை லயம் லயமாகப் போட்டிருந்தார், கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, எல்லாருடைய பெயரும். அடுத்த புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று வாக்குத்தத்த வசனம் எடுக்க தனக்குக் கை வரவில்லை என்றும், 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுக் கூட்டத்தை முடித்ததாகவும் எழுதியிருந்தார். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும், 88-ல் அது இல்லை, சிநேகிதர் விலகிப்போய் இருட்டோடு முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது என்று அந்த நான்கு பக்கத்தில்தான் நான் உண்மையில் கற்றுக்கொண்டேன்.

சரி, நான் எதை வாசிக்கிறேன் என்று கேட்டீர்கள். இப்போது மேசைமேல் இருப்பது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1827-ல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, முப்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியனின் பில்கிரிம்ஸ் பிராக்ரஸ் என்ற ஆங்கிலக் கதையை எடுத்து கம்பனுடைய தமிழில் காவியமாக்கினார், இதழில் பல வருடம் தொடராக வந்து 1894-ல் நூலாயிற்று. தமிழ் கடினம்தான், மறைக்கமாட்டேன், நானே ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டுக்கு மேல் போகமாட்டேன். ஆனால் "சத்தாய் நிஷ்களமாய்" உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, அம்மா பாடியே இருப்பார்கள், அது அவருடையது. உன்னை விட்டால் எனக்கு யார் துணை, யார் உறவு என்று அந்தப் பாட்டு திரும்பத் திரும்பக் கேட்கிறது. மதம் மாறியதால் சொந்தபந்தத்தைப் பிரிவது என்றால் என்னவென்று அறிந்த மனிதர் கேட்கிற கேள்வி அது. அதை மனதில் வைத்து ஒரு முறை மெதுவாக வாசித்துப் பாருங்கள்.

மற்றவர்களைத் திட்டுகிற எழுத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதை வாசிக்கவே வாசிக்காதீர்கள். நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவார், இன்னொருவர் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பார், சாவு விழுந்தால் இரண்டு பேரும்தான் பாடையைத் தூக்குவார்கள். காவடி எடுக்கும் சித்தப்பாவைக் கேலி செய்துதான் தன் சாமியைப் பெரிதாக்க முடியும் என்கிறவரிடம் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடைசிவரை சைவர், பாதிரிமாரோடு கடுமையாக வாதாடியவர். அவர்தான் இளம் வயதில் பெர்சிவல் பாதிரியாரோடு வருடக்கணக்காக உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவினார், 1850-ல் அது அச்சாயிற்று. நாம் கையில் வைத்திருக்கும் தமிழ் வேதத்தின் வரலாற்றில் ஒரு சைவருடைய உழைப்பும் இருக்கிறது.

ஞாயிறு ஓய்வு கிடைத்தால் பிரிக்பீல்ட்ஸ் போய்வாருங்கள். லுத்தரன் சபை, மெதடிஸ்ட் தமிழ்ச் சபை, பாத்திமா மாதா கோயில் எல்லாம் அங்கே நடக்கிற தூரத்தில்தான். புத்தக அலமாரி இருந்தால் பாருங்கள், அதைவிட முக்கியமாக ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கிற வயதானவர்களிடம் பழைய மலர்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், முதல் ஆளே சந்தோஷப்பட்டு வீட்டுக்குக் கூப்பிடுவார். அப்படியே 1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இருப்பது அநேகமாகப் பழைய மொழிபெயர்ப்பாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே அதிகாரத்தை வாசித்தால், எங்கே வேறுபடுகிறதோ அங்கே நாமாகவே நின்று யோசிப்போம்.

அந்த உபதேசியாரின் நான்கு பக்கத்தையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன், முகவரி அனுப்பினால் தபாலில் போடுகிறேன். அம்மாவின் வேதாகமத்தை எப்போது திறப்பது என்பது உங்கள் மனம், அவசரமே இல்லை. திறக்கிற அன்றைக்கு எரேமியா 29-ஐப் பாருங்கள். அம்மா எந்த வசனத்துக்குக் கோடு போட்டிருக்கிறார்கள், ஓரத்தில் ஏதாவது தேதி குறித்திருக்கிறார்களா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
பினாங்கு