மீன் படிப்பு, இறால் பண்ணை, கடல் வேலை: இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, நீட் எழுதாமல் மீன்வளம் படிக்கலாமா? வேலை கிடைக்குமா? (+2 மாணவி, வேதாரண்யம்)

தாராளமாகப் படிக்கலாம் தங்கச்சி. மீன்வள இளநிலைப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. நான்கு வருடப் படிப்பு. உயிரியல் எடுத்திருந்தால் +2 மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு. 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி கல்லூரிதான் மூத்தது. உங்களுக்குத் தலைஞாயிறு கல்லூரி பக்கம். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. அரசு வேலைக்குத் தேர்வு எழுதுங்கள், ஆனால் அதற்காகவே வீட்டில் காத்திருக்க வேண்டாம். குஞ்சுப் பொரிப்பகம், தீவனக் கம்பெனி, ஏற்றுமதி ஆலையின் தரப் பரிசோதனை என்று வெளியிலும் வேலை இருக்கிறது.

அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். "நீயாவது கடலுக்குப் போகாதே" என்கிறார். எனக்குக் கடல்தான் பிடிக்கும். (பத்தாம் வகுப்பு முடித்தவர், தரங்கம்பாடி)

அப்பாவின் பயம் நியாயமானது தம்பி, அவர் பட்ட பாடு அப்படி. சென்னை ராயபுரத்தில் மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிலையமான சிஃப்நெட் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் தேறியிருந்தால், கப்பல் செலுத்தவோ எஞ்சின் பார்க்கவோ இரண்டு வருடப் பயிற்சி. வயது வரம்பு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். பிறகு கடல் அனுபவம் சேர்த்துத் தகுதித் தேர்வு எழுதினால் மீன்பிடிக் கப்பலின் தலைவர், அதாவது ஸ்கிப்பர் ஆகலாம். அப்பாவையும் ஒருமுறை அங்கே கூட்டிப் போங்கள்.

இன்ஜினியரிங் முடித்தேன், வேலை பிடிக்கவில்லை. சீர்காழி பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. கடன் வாங்கி வனாமி இறால் போடலாமா சார்?

இப்போதே போடாதீர்கள். முதலில் ஒரு பண்ணையில் சம்பளத்துக்குச் சேர்ந்து, குஞ்சு விடுவதிலிருந்து பிடிப்பு வரை முழுதாக ஒரு சாகுபடிக்குக் கூடவே இருங்கள். நான்கு மாதம் போதும்.

விடியற்காலையில்தான் குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறையும். அந்த நேரத்தில் கரண்ட் போய், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால் இறால் மேலே வந்து கரையோரம் ஒதுங்கும். ஜெனரேட்டரைப் போட ஆள் எழுந்திருக்கவில்லை என்றால் போட்டது மொத்தமும் போச்சு. குளத்தில் இறக்கி வைத்த தீவனத் தட்டை (செக் ட்ரே) தூக்கிப் பார்த்து, தீவனம் மீந்திருக்கிறதா, இறாலின் குடல் கோடு நிறைந்திருக்கிறதா என்று கவனித்துத்தான் அடுத்த வேளைத் தீவனத்தை முடிவு செய்ய வேண்டும். இதெல்லாம் கரையில் நின்றால்தான் வரும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்து கிடையாது. பரிசோதித்த குஞ்சும் சுத்தமான தண்ணீரும்தான் காப்பு. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு கட்டாயம், வயலை உப்பாக்கிப் பண்ணை வெட்டவும் கூடாது. கற்றுக்கொண்டு வந்தால் உங்கள் படிப்பு வீண் போகாது. மோட்டார், சென்சார் தெரிந்த ஆள் பண்ணைக்குத் தேவை.

பெண்கள் தனியாகச் செய்ய ஏதாவது? (மண்டபம்)

உங்கள் ஊரிலேயே கடல்பாசி வளர்ப்பு இருக்கிறதே அம்மா! பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை, சுமார் 45 நாளில் அறுவடை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்கள் ஊரில் கடலே இல்லை. (தருமபுரி)

பண்ணைக்குட்டை இருந்தால் போதும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விடுங்கள். விரல் நீளக் குஞ்சாக வாங்குங்கள். வந்ததும் கவரைப் பிரித்துக் கொட்டாமல், கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரைக் கவருக்குள் விட்டு, அப்புறம் திறந்துவிடுங்கள்.