கிண்டிலில் தமிழ் எழுத்து மட்டும் மெலிந்து வெளிறித் தெரிகிறது. எழுத்துருவை மாற்ற முடியுமா?

முடியும். ஆங்கில நூல்கள் பளிச்சென்று இருக்கின்றன, தமிழ் நூல்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிகின்றன, அளவைக் கூட்டியும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கண்ணிலும் கோளாறில்லை, கருவியிலும் கோளாறில்லை. எழுத்துருவின் கோடு மெலிதாக இருப்பதுதான் காரணம். அதனால் எந்த எழுத்துருவையாவது போட்டால் தீர்ந்துவிடாது. எதைப் போடுகிறோம், அதில் எந்தத் தடிமனைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கைபேசித் திரை ஒளியை உமிழ்கிறது. அதில் மெல்லிய கோடும் தெளிவாகத் தெரியும். கிண்டிலில் இருக்கும் இ-இங்க் என்ற மின்மைத் திரையில் மைத்துகள்தான் மேலெழுந்து கறுப்பாக நிற்கின்றன. எழுத்தின் கோடு திரையின் ஒரு புள்ளியை முழுதாக நிரப்பாவிட்டால் அந்த இடம் கறுப்பாகாமல் சாம்பலாகிவிடும். 2019இல் வந்த அடிப்படைக் கிண்டிலின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளிகள்தான். 2015 முதல் வந்த பேப்பர்வைட் வகைக் கிண்டிலிலும், 2022 முதல் வந்த அடிப்படைக் கிண்டிலிலும் 300. உங்களிடம் இருப்பது 167 என்றால் இந்தச் சிக்கல் இரண்டு மடங்காகத் தெரியும். 300 என்றாலும் தமிழுக்கு முழுதாகத் தீராது. ஆங்கிலத்தின் 'எல்' ஒரு நேர்கோடு. நம் 'ண'வையும் 'ஞ'வையும் பாருங்கள். அதே உயரத்துக்குள் எத்தனை சுழி, எத்தனை வளைவு! அத்தனையையும் அடக்க எழுத்துருவை வரைபவர் கோட்டை மெலிதாக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கருவியிலேயே இருக்கும் வசதியைப் பாருங்கள். நூலைத் திறந்து, திரையின் மேல்பகுதியைத் தொட்டு, 'ஏஏ' குறியை அழுத்தினால் எழுத்துருத் தாவல் வரும். அங்கே அளவோடு தடிமனைக் கூட்டும் பட்டையும் இருக்கும். ஒன்றிரண்டு படி நகர்த்திப் பாருங்கள், சிலருக்கு அதுவே போதும். அதை ஓர் எல்லைக்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பட்டை கோட்டின் எல்லாப் பக்கத்திலும் மையை ஒரே அளவாக ஏற்றுகிறது. எழுத்தை வரைந்தவர் சுழிக்குள் விட்டிருந்த வெள்ளை இடம் அதில் அடைபட்டுப் போகும். தடிமனாகவே வரையப்பட்ட எழுத்துருவில் அந்த வெள்ளை இடத்தையும் கணக்கில் வைத்துத்தான் வரைந்திருப்பார்கள்.

சொந்த எழுத்துருவைச் சேர்க்கும் வசதி கிண்டிலுக்கு 2018இல் ஒரு மென்பொருள் புதுப்பிப்போடு வந்தது. கருவியின் பூட்டை உடைக்கும் ஜெயில்பிரேக் எதுவும் வேண்டாம். கருவியை யூஎஸ்பி கேபிளால் கணினியில் இணையுங்கள். கிண்டில் ஒரு டிரைவாகத் திறக்கும்போது 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறை தெரியும். இல்லையென்றால் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அதே பெயரில் நீங்களே ஒன்றை உருவாக்கலாம். டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் வடிவ எழுத்துருக் கோப்பை அதற்குள் போட்டு, முறையாக எஜெக்ட் செய்து கேபிளைக் கழற்றுங்கள். பிறகு 'ஏஏ' குறிக்குள் போனால் நீங்கள் சேர்த்த எழுத்துருவின் பெயர் இருக்கும், தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். அண்மையில் வந்த கிண்டில்கள் மேக் கணினியில் நேரடியாக டிரைவாகத் தெரிவதில்லை, அதற்குத் தனிச் செயலி வேண்டும். விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை. நூலகப் பக்கமும் மெனுவும் பழைய எழுத்துருவிலேயே இருக்கும். நூலின் உள்ளே மட்டும்தான் மாறும்.

இனி எந்த எழுத்துரு என்பதற்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் இருப்பவை. யாரிடமும் அனுமதி கேட்காமல் உங்கள் கருவியில் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸோடு வரும் லதாவையும் நிர்மலாவையும் எடுத்துப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவை கணினித் திரைக்காக வரையப்பட்டவை, உரிமமும் வேறு. இவ்வளவு நல்ல எழுத்துருக்கள் சும்மா கிடைக்கும்போது அவற்றைத் தேடிப் போகத் தேவையில்லை.

நீண்ட வாசிப்புக்கு என் தேர்வு நோட்டோ செரிஃப் தமிழ், அதிலும் 'மீடியம்' தடிமன். 167 புள்ளித் திரை என்றால் 'செமிபோல்ட்'. 'ரெகுலர்' வேண்டாம். தரவிறக்கினால் வரும் சிப் கோப்பை விரித்ததும் மேலாக ஒரு கோப்பும், 'ஸ்டாட்டிக்' என்ற கோப்புறையும் இருக்கும். மேலாக இருப்பது எல்லாத் தடிமனும் ஒன்றாக அடங்கிய மாறுநிலை எழுத்துரு. மின்னூல் வாசிப்பான்களுக்கு அது ஒத்துவருவதில்லை. 'ஸ்டாட்டிக்' கோப்புறைக்குள் தடிமனுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்புகள் இருக்கும், அதிலிருந்து மீடியத்தை மட்டும் எடுங்கள். இந்த ஒரு படியைக் கவனிக்காமல்தான் பலர் 'எழுத்துருவைப் போட்டேன், ஒன்றும் மாறவில்லை' என்கிறார்கள்.

முழு 'போல்ட்' ஏன் கூடாது? இரட்டைக்கொம்பின் மேல்சுழி அடைபட்டால் 'சேரி' 'செரி'யாகிவிடும். 'கீ'யின் சுழி அடைபட்டால் அது 'கி'. மிக மெலிதாக இருந்தாலும் ஆபத்து, 'ர'வின் கால் மங்கிப்போய் 'கரம்' என்ற சொல் 'காம்' என்று நிற்கும். பழக்கத்தால் மூளை திருத்திப் படித்துக்கொள்ளும், ஆனால் அந்தத் திருத்தும் வேலைதான் கண்ணையும் தலையையும் களைப்பாக்குகிறது. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதைத்தான் ஓர் எழுத்துருவில் நான் முதலில் பார்ப்பேன். அடுத்தது புள்ளி. சில எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளி சிறு வளையமாக இருக்கும். அச்சில் அது அழகு, இ-இங்க் திரையில் அது வெறும் சாம்பல் கறை. நிரப்பிய புள்ளியாக, எழுத்தைவிட்டுச் சற்று விலகி நிற்பதாக இருக்க வேண்டும்.

எழுத்துருவைச் சோதிக்க ஒரு சிறு கோப்பு தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது. அதில் கரம், சேரி, செரி, கீரி, கிளி, கண்ணன், மஞ்சள், கொக்கு, கோயில், மௌனம், ஸ்ரீ, லக்ஷ்மி என்ற சொற்கள் இருக்கட்டும். இடையில் சில எண்களும் ஓர் ஆங்கிலச் சொல்லும் வரட்டும், ஏனென்றால் சில தமிழ் எழுத்துருக்களில் ரோமன் எழுத்துகளே இருக்காது. கருவி அவற்றை வேறு எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டும்போது அளவும் தடிமனும் பொருந்தாமல் வரி குலைந்துவிடும். 'மௌனம்' என்பதில் பின்னால் வரும் சிறகு 'ள' போலவே இருக்கிறதா, கொஞ்சமாவது சிறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் எழுத்துருவை அக்கறையோடு வரைந்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

என் அம்மாவின் கிண்டிலில் முக்தா மலர் மீடியம் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருக்கிறது, செரிஃப் எழுத்துருவின் தடித்தும் மெலிந்தும் போகும் கோடு அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரே தடிமனாக ஓடும் முக்தா மலர் சரியாக அமைந்தது. மும்பையின் எக் டைப் குழு உருவாக்கிய எழுத்துரு அது. எழுத்துருவை மாற்றியதோடு வரிகளின் இடைவெளியை ஒரு படி கூட்டி, சீரமைப்பை இடப்பக்கமாக வைத்தேன். இந்த இரண்டாவது மாற்றத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆறு அங்குலத் திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் பிடிக்கும். இரு பக்கமும் நேராக இழுத்துக் கட்டினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். 'லேஅவுட்' தாவலில் இடச்சீர் வைத்தால் அது போய்விடும். அம்மா இப்போது கண்ணாடியைத் தேடாமல் ஒரு நாவலை முடிக்கிறார், எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி.

நீங்கள் கேட்டது மெலிந்த எழுத்தைப் பற்றி. ஆனால் தமிழ் மின்னூலில் வேறு கோளாறுகளும் வரும், எல்லாவற்றுக்கும் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீணாகும். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அதற்கு மேலே சொன்ன வைத்தியமே போதும். எழுத்து தெரிகிறது, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால் கதை வேறு. யூனிகோடில் 'கெ' என்பதில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது வாசிப்பு நிரலின் வேலை. அந்த நிரலுக்குத் தமிழ் தெரியாவிட்டால் எந்த எழுத்துருவைப் போட்டாலும் கொம்பு பின்னால்தான் நிற்கும்.

கிண்டிலைப் போன்ற இன்னொரு வாசிப்பானான கோபோவை வைத்திருப்பவர்களுக்கு இது நேரலாம். கோபோவிலும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறை முறையேதான். ஆனால் அங்கே ஈபப் என்ற பொதுவான மின்னூல் கோப்பை ஒரு நிரலும், கோபோவின் சொந்த வடிவமான கேபப் கோப்பை இன்னொரு நிரலும் திறக்கின்றன. கொம்பு இடம் மாறினால் கேபப்பாக மாற்றிப் பாருங்கள், கேபபிஃபை என்ற இலவச நிரல் அதற்கென்றே இருக்கிறது. அதைவிட நல்ல வழி கோரீடர் என்ற திறமூல வாசிப்புச் செயலி. கோபோவிலும் ஆண்ட்ராய்டு வாசிப்பான்களிலும் தொல்லையில்லாமல் நிறுவலாம், கிண்டிலில் மட்டும் ஜெயில்பிரேக் கேட்கும். ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நிரல் அதற்குள்ளேயே இருக்கிறது. எழுத்துகளை இணைத்து அடுக்கும் 'கெர்னிங்' அமைப்பை 'பெஸ்ட்' என்று வைத்தால் 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும்கூடப் பிசகாமல் வரும்.

இன்னொரு கோளாறு, நூலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருவது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரை அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. ஈழத்து நூல்களிலும் பழைய இதழ்களிலும் இது நிறைய உண்டு. இதை எழுத்துருவால் சரிசெய்ய முயலாதீர்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் உரையை யூனிகோடாக மாற்றி, காலிபர் என்ற இலவச மின்னூல் நிரலில் ஈபப் ஆக்கிவிடுங்கள். அந்தக் கோப்பின் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறிக்க மறக்க வேண்டாம். இப்படி மாற்றிய உரையில்தான் தேடவும் முடியும்.

பிடிஎஃப் நூல்களுக்கும், பக்கங்களைப் படமெடுத்து ஏற்றிய நூல்களுக்கும் எழுத்துரு மாற்றம் பொருந்தாது. பக்கம் எப்படி உறைந்திருக்கிறதோ அப்படியேதான் தெரியும். உங்களிடம் இருக்கும் நூல் அந்த வகை என்றால் அதே நூலின் ஈபப் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் பழந்தமிழ் நூல்கள் யூனிகோடில் இருக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு நூலையும் ஈபப் உட்படப் பல வடிவங்களில் தருகிறார்கள். அங்கே ஆறு அங்குலத் திரைக்கென்று தனி பிடிஎஃப்பும் இருக்கும். தமிழைச் சரியாகக் காட்டாத பழைய கருவிகளுக்கு அது பெரிய உதவி. உங்கள் கருவி அப்படியில்லை என்றால் ஈபப்பையே எடுத்து, அமேசானின் சென்ட் டு கிண்டில் சேவை வழியாக அனுப்புங்கள். நீங்கள் போட்ட எழுத்துரு அதில் வேலை செய்யும்.