சித்திரையில் முசுறுக் கூடுகள் காலியாவது ஏன்?

கேள்வி: பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு. கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்தடிக்காமல், அதைப் பிடித்துத் தின்னும் முசுறு எறும்பை நம்பியிருக்கிறோம். தை, மாசியில் நிறைய இருந்த கூடுகள் சித்திரையில் பாதி காலி. அடிமரத்தில் வேறு எறும்பு ஏறுகிறது. மீட்க முடியுமா?

பதில்: முடியும், ராணி இருக்கும்வரை. வெயில் பெரும்பாலும் நேராகக் கொல்வதில்லை; ஆள்பலத்தைக் குறைக்கிறது. பச்சை இலைகளை முசுறு தன் புழுக்களின் பட்டிழையால் ஒட்டிய கூடு அது. இலை காய்ந்தால் இடம் மாறியாக வேண்டும். கோடையில் கொழுந்து இல்லாவிட்டால் கட்ட இலையும் இல்லை, செடிச்சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் சுரக்கும் இனிப்பும் இல்லை. குஞ்சு குறையும், காவலும் குறையும். அந்த நேரம் பார்த்துத்தான் மண்ணெறும்புகள் அடிமரத்தைப் பிடிக்கின்றன.

எது என்று முதலில் பாருங்கள். இருட்டிய பின் மரத்தடியில் கருவாட்டுத் துண்டு வைத்து, அரைமணி கழித்து டார்ச் அடியுங்கள். சிறிய எறும்புகளுக்கு நடுவே சிலதுக்கு மட்டும் தலை பெருத்திருந்தால் பெருந்தலை எறும்பு. நீண்ட கால், மஞ்சள் பழுப்பு, தாறுமாறான ஓட்டம் என்றால் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. 2022-ல் திண்டுக்கல் கரந்தமலை அடிவாரத்தை அலறவைத்தது இதுதான். ஒரே கூட்டத்தில் பல ராணிகள், எரிக்கும் ஃபார்மிக் அமிலப் பீய்ச்சல். தளர்ந்த முசுறு தாங்காது.

இரண்டுக்குமே மருந்து அடிமரத் தடைதான். பிளாஸ்டிக் தாளை ஒரு சாண் அகலத்துக்கு இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் பூசுங்கள்; பட்டையில் நேராகப் பூசினால் மரம் புண்படும். முந்திரிக் கிளை தரையைத் தொடும். அதைக் கழிக்காமல் பூசுவது வீண். தூசியும் சருகும் கிரீஸில் ஒட்டினால் பாலமாகிவிடும், வாரம் ஒருமுறை துடையுங்கள்.

தடை போட்டால் முசுறும் இறங்க முடியாது. ஒரே கூட்டத்தின் மரங்களைத் தேங்காய்நார்க் கயிற்றால் இணையுங்கள். ஒரே கூட்டமா என்று அறிய, ஒரு மரத்து எறும்புகள் சிலவற்றை மற்றதில் விடுங்கள். கடித்து இழுத்தால் வேறு கூட்டம். அங்கே கயிறு கூடாது, உரசும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள். இல்லையேல் இரண்டும் சண்டையில் தேயும்.

மழை வரும்வரை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் சர்க்கரை கரைத்துப் பஞ்சில் நனைத்து மரத்திலேயே கட்டுங்கள். வாரம் இருமுறை மீன் கழிவு போதும். கீழே சிந்தினால் எதிரிக்கு விருந்து வைத்ததாகும்.

காலியான மரத்துக்கு வேறிடத்துக் கூடு கொண்டுவருவதானால் ஒரே கூட்டத்தின் எல்லாக் கூடுகளையும் ஒன்றாக எடுங்கள். ராணி ஏதோ ஒன்றில்தான் இருக்கும். அது விட்டுப்போனால், வந்தவை சில மாதம் ஓடித் திரியும். வேலையெறும்பு புதிதாகப் பிறக்காது.